பகீரதன் அண்ணையின் பதினொரு வருடம்

பெயரைக் கூப்பிட்டார்கள், நான் எழும்பிவிட்டேன். "மிஸ்யே சின்னத்துரை" என்று அலுவலகத்து மனுசி சொல்லி முடிப்பதற்குள் என் கால்கள் நிமிர்ந்துவிட்டன, வாய் "ஓம் மதாம்" என்று பிரெஞ்சில் பாதி சொல்லிவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த பகீரதன் அண்ணையும் எழும்பினார். சின்னத்துரை பகீரதன் அவர்தான், சின்னத்துரை அவருடைய தகப்பன். ஒரு பெயருக்கு இரண்டு தமிழர் எழும்பி நிற்க, அவள் கண்ணாடிக்கு மேலால் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். நான் எதையோ தொலைத்தவன் மாதிரிக் காற்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு இருந்தேன். "விசர் வேலை பாக்காதை, இரு," என்று அண்ணை பல்லுக்குள்ளால் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார். நல்ல சிரிப்பு, யாருக்கும் பிடிக்கிற சிரிப்பு. நான் என்ன செய்ய? பதினொரு வருடமாக அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள் "பாகி, மீன் ரெண்டு, பாகி, இறைச்சி கருகுது" என்று பத்துப் பேர் கூப்பிட, பத்துப் பேருக்கும் நான்தான் பாகி, பகீரதனை அங்கே அப்படித்தான் சுருக்கினார்கள். நித்திரையில் கூப்பிட்டாலும் அந்தப் பெயருக்கு எழும்புவேன். தவநேசன் என்று யாராவது கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பேன். அண்ணையை ஒருவரும் ஒரு நாளும் பாகி என்று கூப்பிட்டதில்லை. ஆனாலும் உள்ளே போக வேண்டியவர் அவர், வெளியே இருக்க வேண்டியவன் நான். இதில் நியாயம் அநியாயம் ஒன்றுமில்லை, இப்படித்தான் பேசி முடித்தோம்.

உள்ளே என்றால் அறை ஒன்றுமில்லை. பாரிசுக்கு வடக்கே இருக்கிற இந்த வேலை தேடுவோர் அலுவலகத்தில் எல்லாம் ஒரே மண்டபம், இடுப்பளவு தடுப்பு வைத்து மேசைகளைப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவது மேசையில் அண்ணை, எனக்கு நேரே, அவருடைய பிடரி தெரிகிறது. நேற்று முடி வெட்டியிருக்கிறார். சோமாஜுக்கு வருகிறவன் முடி வெட்டி வாசனை அடித்துக்கொண்டு வருவானா? வேலை போனவன் மாதிரியா இருக்கிறார்? வேலை போனவன் நான், என்னைப் பார்த்தால் தெரியும், மூன்று நாள் தாடி. ஆனால் சோமாஜ் பதியப் போகிறவர் அவர். வேலை போனவனுக்கு இந்த நாட்டு அரசாங்கம் மாதாமாதம் தருகிற அந்தக் காசு, சம்பளத் துண்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். சம்பளத் துண்டில் அவர் பெயர். என்னுடைய அகதி வழக்கு மூன்று தரம் தள்ளுபடியான பிறகு, இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒருவனுடைய அறையில் ஏழாவது ஆளாகப் படுத்திருந்தபோது, அண்ணை வந்து தன்னுடைய விசாக் காட்டை, படம் போட்ட அந்த அட்டையை, என் கையில் வைத்தார். "பிடி. படத்தில நானும் நீயும் ஒண்டுதான், வெள்ளைக்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. போய் வேலை செய்." அன்றைக்கு நான் அழுதேன். அவர் ஒரு சதம்கூடக் கேட்கவில்லை. சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும், வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தை முதல் சனிக்கிழமை கையில் தருவார். ஒரு சனிக்கிழமைகூடப் பிந்தவில்லை. இப்படிப்பட்ட மனுசனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உருப்படுவானா? நான் பொறாமைப்படுகிறேன். அவர் களவாணியாக இருந்திருந்தால் எவ்வளவு சுகம். காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

அவள் கொப்பி மாதிரி அடுக்கி வைத்த கடதாசிகளைப் புரட்டுகிறாள். என் சம்பளத் துண்டுகள். நேற்றுப் பின்னேரம் நான்தான் வருடம் வருடமாக அடுக்கிக் கொடுத்தேன். முதல் துண்டில் கோப்பை கழுவுபவர் என்று இருக்கும், நான்காம் வருடத்தில் உதவிச் சமையலாள், எட்டாம் வருடத்திலிருந்து சமையலாள். அந்தப் படி ஒவ்வொன்றும் என் கையில் ஒவ்வொரு தழும்பு. அண்ணையிடம் ஒரு தழும்பும் இல்லை. அவருக்கு மனுசியின் பெயரில் ஒரு பலசரக்குக் கடை, அதில் கல்லாவுக்குப் பின்னால் இருப்பார், பேப்பரில் அங்கே அவர் வேலை செய்யவில்லை. பேப்பரில் அவர் என் குசினியில் நின்றார். அந்தத் துண்டுகளைக் காட்டித்தான் தன் மனுசி நிர்மலா அக்காவை ஊரிலிருந்து கூப்பிட்டார். நிலையான வருமானம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது, இந்தா பிடி என்று காட்டினார். நான் வெங்காயம் உரித்த மாதங்கள் எல்லாம் சேர்ந்து அக்காவுக்கு விமானச் சீட்டாகிவிட்டது. விமான நிலையத்துக்கு நானும் போனேன், பூங்கொத்து நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே வருடம் வவுனியாவில் எனக்குப் பேசியிருந்த பெண் வீட்டுக்காரர், "தம்பிக்கு இன்னும் விசாச் சரிவரேல்லையாமே" என்று ஆள் விட்டுக் கேட்டார்கள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கலைமதி என்று பெயர். நான்கு வருடம் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்தாள், பாவம். பிறகு அண்ணை வீடு வாங்கினார். வங்கிக்காரனும் துண்டுகளைத்தான் கேட்டான். மூன்று அறை, சின்னதாகப் பின் வளவு, கறிவேப்பிலை ஒரு தொட்டியில். குடிபூரலுக்குப் போனபோது அக்கா எனக்குப் பால் தந்து, "உங்கட வீடு மாதிரி நினைச்சு இருங்கோ தவம்," என்றாள். உபசாரம்தான். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், யாரும் பார்க்காத நேரத்தில்.

இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. பேனை அவளுடைய பக்கத்தில்தான் கிடக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. பத்ரோன், என் முதலாளி, கிழவன், கெட்டிக்காரன். மகன் வந்து கடையைச் சின்னதாக்குகிறான், உன்னை வைத்திருக்க முடியாது பாகி, நீயாக விலகினதாகவும் இல்லாமல் நான் துரத்தினதாகவும் இல்லாமல் இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிற மாதிரி எழுதுவோம், உனக்குச் சோமாஜ் வரும் என்றான். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தரம் பேரம் பேசினேன். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, எனக்கு இரண்டு மாதச் சம்பளம் கூட வேண்டும், ஒரு கடிதமும் வேண்டும் என்றேன். என்ன கடிதம் என்றான். நான் பாகி இல்லை என்று ஒரு கடிதம். கிழவன் அசையவில்லை. "எனக்கு எப்போதோ தெரியும்," என்றான், "படத்தில் இருக்கிறவனுக்கு உன்னுடைய காது இல்லை." எழுதித் தந்தான்: என் குசினியில் பதினொரு வருடம் சின்னத்துரை பகீரதன் என்ற பெயரில் வேலை செய்தவர் உண்மையில் கந்தப்பு தவநேசன். இப்படி ஒரு கடிதத்தைக் கொண்டுபோய், பிறர் பெயரில் செய்த வேலையைத் தன் வேலை என்று காட்டி விசா எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்று விசா இல்லாதவர்களுக்கு உதவுகிற சங்கத்தில் ஒரு வக்கீல் பொம்பிளை சொன்னாள். நிச்சயம் இல்லை, ஆனால் கதவு ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்று, அதே பதினொரு வருடத்தை வைத்து இன்னொருவர் இங்கே வந்து சோமாஜ் பதிந்துவிட்டால் கதவு பூட்டு. ஒரு வருடத்துக்கு இரண்டு சொந்தக்காரர் இருக்க முடியாது. இதையும் அவள் சொன்னாள்.

கடிதத்தை அண்ணைக்குக் காட்டினேன். ஒளிக்கவில்லை. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று வாசித்தார், இரண்டு தரம் வாசித்தார். முகம் வெளிறிவிட்டது. "தவம், இதைக் கொண்டுபோனால் என்னைக் கூப்பிடுவாங்கள். காட்டைக் குடுத்தது குற்றம். வீட்டுக் கடன், மனுசியின்ர விசா, எல்லாத்தையும் கிண்டுவாங்கள். பெடியள் ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுகள்." நான் கடிதத்தை வாங்கி மடித்தேன். "நான் உன்னை மறிக்கேல்லை," என்றார். மறித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். "சோமாஜை எடுப்பம், முழுக்க உனக்குத்தான், எனக்கு ஒரு சதம் வேண்டாம். ரெண்டு வருசம் இருந்து ஆறுதலாய் வேற வழி பாப்பம். நீ சொல்லுறதுதான் முடிவு." பந்தை என் கையில் தந்துவிட்டார். அந்த ஏழாவது ஆளின் பாயும் ஞாபகம் வந்தது, பெடியன்கள் இரண்டும் என்னைத் தவம் மாமா என்று கழுத்தில் தொங்குவதும் ஞாபகம் வந்தது. சரி அண்ணை என்றேன். சொன்ன நேரத்திலிருந்து ஒரு நித்திரை ஒழுங்காக இல்லை. கடிதத்தைக் கிழிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் கிழிக்கவில்லை. கையெழுத்து வைக்கும் வரைக்கும் அது உயிரோடு இருக்கிற கடிதம். நான் இப்போது எழும்பி, ஆறு அடி நடந்து, அந்தத் தடுப்பில் கையை வைத்து, மதாம், ஒரு நிமிடம் என்று சொன்னால் போதும். பிரெஞ்சு வராது என்றும் சாட்டுச் சொல்ல முடியாது, அவரைவிட எனக்கு நன்றாக வரும். கால் எழும்பவில்லை. பெயரைக் கூப்பிட்டபோது மட்டும் எழும்பின கால்.

அவள் சமையல் பற்றிக் கேட்கிறாள். என்ன செய்யத் தெரியும் என்று கேட்கிறாள். மூன்று பின்னேரம் இருத்திவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம். மீன் என்கிறார் அண்ணை, சோஸ் என்கிறார், மத்தியானம் தொண்ணூறு சாப்பாடு என்கிறார். எல்லாம் சரி. அவள் தலையாட்டி எழுதுகிறாள். உற்சாகம் வந்துவிட்டது மனுசனுக்கு, கையை எடுத்து வெங்காயம் வெட்டிக் காட்டுகிறார். ஐயோ, அப்படியா பிடிக்கிறது? விரல் நுனியை நீட்டிக்கொண்டு வெட்டினால் முதல் நாளே விரல் போய்விடும், மடக்கிப் பிடிக்க வேண்டும், இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குசினியில் நின்ற எவனும் பார்த்தால் சிரித்திருப்பான். இவள் பார்த்து வியக்கிறாள். "நீங்கள் இந்த வேலையை நேசிக்கிறீர்கள், தெரிகிறது," என்கிறாள். நேசிக்கிறாராம். அவருடைய வீட்டில் தேத்தண்ணி ஊற்றுவதும் நிர்மலா அக்காதான். என்னை யாரும் இந்த வார்த்தை கேட்டதில்லை, நேசிக்கிறாயா என்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், காலமை ஏழு மணிக்கு ஒருவரும் வராத குசினியில் முதல் அடுப்பைப் பற்றவைக்கிற நேரம் எனக்குப் பிடிக்கும், எலும்புத் தண்ணி கொதிக்கத் தொடங்குகிற மணம் பிடிக்கும், சோசைக் கரண்டியில் எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும், நிற்கிற அந்த நேரம் பிடிக்கும். இதை எல்லாம் அந்தக் கதிரையில் இருந்து நான் சொன்னால் எப்படி இருக்கும். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பாள்.

இப்போது அவள் குரலைத் தாழ்த்துகிறாள். ஏன் பிரியச் சம்மதித்தீர்கள், நல்ல வேலை, நல்ல சம்பளம், நீங்கள் எதிர்த்திருக்கலாமே? இதற்கு விடை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதலாளியின் மகன் வந்தார், கடையைச் சின்னதாக்கினார், இரண்டு பேரும் பேசிச் சம்மதித்தோம். மூன்று வசனம். பத்துத் தரம் சொல்ல வைத்தேன். அண்ணை மூன்றையும் சொன்னார். சொல்லிவிட்டு நிற்பார் என்று பார்த்தால் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தன்னுடைய உடைந்த பிரெஞ்சில், "நான் களைச்சுப் போனேன் மதாம்," என்றார். "பதினொரு வருசம். நிண்டபடி. ஒருத்தரும் இல்லாமல்." இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்கும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் காசை வாங்குகிறபோது என் முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார் போல. அவள் எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். "எனக்கு விளங்குகிறது, மிஸ்யே. ஆறுதலாக எடுங்கள்." அவர் குடித்தார். என் களைப்புக்கு வந்த தண்ணீரை அவர் குடித்தார். காசை விடுங்கள், வீட்டை விடுங்கள், மனுசி பிள்ளைகளைக்கூட விடுங்கள், அதற்கெல்லாம் பொறாமைப்பட்டுப் பழகிவிட்டேன், ஆனால் இந்தக் களைப்பு என்னுடையது. இதையாவது நான் முதலில் சொல்லியிருக்கக் கூடாதா? அவர் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. பிடரி நடுங்கியது, நான் பார்த்தேன். எனக்காகத்தான் நடுங்கினார். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

எழும்பு தவம், எழும்பு. அவள் யந்திரத்தில் கடதாசி எடுக்கிறாள். லீவு நாட்கள் கொஞ்சம் மிச்சம் இருப்பதாலும் கூடுதலாகக் காசு வாங்கியிருப்பதாலும் முதல் கொடுப்பனவு சில கிழமை பிந்தும் என்று சொல்கிறாள், அண்ணை பரவாயில்லை என்கிறார். கூடுதலாகக் காசு கேட்டவன் நான். கெட்டித்தனமாகப் பேசியிருக்கிறீர்கள் என்று அவரைப் பாராட்டுகிறாள். எழும்பு. எழும்பினால் என்ன ஆகும், சின்னவன் பள்ளிக்கூடத்தால் வந்து அப்பா எங்கே என்று கேட்பான். எழும்பாவிட்டால் என்ன ஆகும், இந்த நாட்டுக்கு நான் வந்தேன் என்பதற்கே ஒரு அத்தாட்சி இருக்காது, வயது நாற்பத்தாறு, காற்றில் வந்தவன், காற்றில் போவான். பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு இருக்கிறாள், அவளுடைய கையில் அவளுடைய பெயர் எழுதின கடதாசி, அவளைப் பார்க்கவும் எரிகிறது. அண்ணை பேனையை எடுத்தார். ஒரு தரம், ஒரே ஒரு தரம், திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கேட்டார், கண்ணால். இப்பவும் நீ சொல்லுறதுதான் முடிவு என்று அந்தப் பார்வை. நேர்மையான மனுசன். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியிருந்தால் பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்திருப்பார், எனக்கு அது சத்தியமாகத் தெரியும். நான் கண்ணை மூடித் திறந்தேன். அதை அவர் ஓம் என்று எடுத்தார். ஓம்தான்.

பிறகு எல்லாம் கெதியாக முடிந்தது. அவள் அவரை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள், எல்லாரையும் அப்படிக் கூட்டிக்கொண்டு வருவதில்லை, நான் காலமையிலிருந்து பார்த்திருக்கிறேன். நானும் எழும்பினேன், இந்த முறை தாராளமாக எழும்பலாம். "இவர் யார்?" என்று கேட்டாள். அண்ணை ஒரு கணம் திக்கினார், "என்ர தம்பி," என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுடைய அண்ணா பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூடச் சுகமில்லை என்று லீவு எடுக்கவில்லை, உங்களுக்குத் தெரியுமா? இந்த மேசையில் இருபது வருடமாக இருக்கிறேன், இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை." தெரியும் என்றேன். காய்ச்சலோடு நின்ற நாட்கள் தெரியும், வைத்தியரிடம் போனால் யாருடைய காட்டைக் காட்டுவது என்று போகாமல் நின்ற நாட்கள் தெரியும். "நீங்கள், மிஸ்யே? நீங்கள் இங்கே என்ன வேலை செய்தீர்கள்?" அண்ணை என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். பிழை ஒன்றும் இல்லாத பிரெஞ்சில், குசினியில் பதினொரு வருடம் கேட்டுக் கேட்டுப் பழகின பிரெஞ்சில் சொன்னேன். "நான் இங்கே ஒரு நாளும் வேலை செய்ததில்லை மதாம். அண்ணைதான் என்னை வைத்துச் சாப்பாடு போடுகிறார்." அண்ணை தரையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்து இரக்கமாக ஒரு சிரிப்புச் சிரித்தாள், பிறகு அவருடைய தோளைத் தொட்டு, "நீங்கள் நல்ல மனுசன்," என்றாள். அது உண்மைதான். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.